பதினெட்டாவது கேள்வி

திருச்செங்கோடு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை.
ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன்.
ரிக்கு வண்டிக்காரர்கள் கடல் தாண்டுமுன்
கடைசியாக அதட்டு வாங்குவது என்னிடம்தான்:
நிமிரு, கண்ணைச் சிமிட்டாதே, பல்லை மூடு.

நான் எந்த நாட்டுக்கும் போனதில்லை.
எந்த நாடு என்ன கேட்கும் என்பதைத்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் உயிர் இருக்கணும்.
இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கணும்.
போகிற டிக்கெட்டை விடத்
திரும்புகிற டிக்கெட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

மாதேஸ்வரன் வந்தது ஆடி முடிந்த புதன்கிழமை.
வண்டி முன்னமே கப்பல் ஏறிவிட்டது,
கம்ப்ரசர், கேசிங் பைப்பு, அத்தனை இரும்பும்.
ஆள் மட்டும் பாக்கி.
"கானாவுங்க்கா. பாட்டு இல்லீங், நாடு."
மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையை
மழைக்காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான்.
அட்டையும் மஞ்சள்.
ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் செல்லும்.
"இன்னிக்கு எட்டுங்."
"அப்ப வெள்ளிக்கு மேலதான் டிக்கெட்."

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
நம்மில் யாரிடம் இருக்கிறது அது?
அப்பன் பேரை அதில் இறக்குவது வழக்கம்.
குப்பன் என்று அடித்தேன்.
"அங்க என்னையக் குப்பன்னா கூப்புடுவாங்க?"
"மிஸ்டர் குப்பன்."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்கப்பனை இங்க ஒருத்தரும்
வாடாவுக்கு மேல சொன்னதில்லீங்."

பயணத்தின் நோக்கம்:
சுற்றுலா, வணிகம், வேலை, ஒறம்பரை போவது.
"தண்ணி காட்டறதுன்னு போடுங்க்கா."
தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.
வேலை.

பதினெட்டாவது கேள்வியை யாருக்கும் படிப்பதில்லை.
'இல்லை' போட்டுவிட்டு இறங்கிவிடுவேன்.
அன்று கரண்ட் ஒருமுறை போய் வந்து
பக்கம் மெல்ல மெல்லத் திறந்ததில்
வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்:
இதற்குமுன் உங்களுக்கு எங்கேனும்
நுழைய அனுமதி மறுக்கப்பட்டதுண்டா?
ஆம் எனில் இடம், தேதி, காரணம் எழுதுக.
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

"எங்கேனும்னா நாட்டுக்குள்ளயுங்ளா,
எங்கியுமேங்ளா?"

போன சித்திரையில் எங்கள் தோட்டத்தில் போர் போட்டது
இவன் ஓட்டிய வண்டிதான்.
எண்ணூற்று நாற்பது அடி. இரண்டு ராத்திரி.
விடிகிற நேரத்தில் புழுதி அடங்கிச் சேறு பீச்சி
தண்ணீர் வந்தது.
முதலில் தெறித்தது இவன் முகத்தில்.
எல்லாருக்கும் இட்லி ஊற்றினேன்.
இவன் வட்டலை மட்டும் எடுத்துப்போய்ப்
படலுக்கு அக்கட்டால வைத்தவர் என் மாமியார்.
ஏன் என்று கேட்காதவள் நான்.
அத்தனை தாகத்துக்கும்
இவன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத்தான்
இவன் குடித்தான்.

இடம் தெரியும். தேதியும் தெரியும்.
காரணத்துக்கு மூன்று வரி வேண்டாம்,
ஒரு சொல் போதும்.

"நாட்டுக்கு மட்டுந்தான்" என்றேன்.
"அப்ப இல்லீங்."

டிக் வைத்தது என் விரல்.
மேற்கண்டவை யாவும் உண்மை என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டது அவன்.
முந்நூற்றைம்பது ரூபாய்.
எண்ணி மேசைமேல் வைத்தான், கையில் தரவில்லை.
பழக்கம்.

பன்னிரண்டாம் நாள் விசா வந்தது.
அச்சடித்து, ஓரம் வெட்டி, உறையில் போட்டு,
மேசையைச் சுற்றிப் போய் அவன் கையில் கொடுத்தேன்.
நுழைவுகள்: பல, என்றிருந்தது.
"அப்படீன்னாங்க்கா?"
எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம்,
யாரும் கேட்க முடியாது.

இன்னொருக்கா சொல்லுங் என்றான்.
சொன்னேன்.